ஈயம் இறக்கும் மருந்தும் தீராத களைப்பும்: உப்புவெளி வாசகருக்குப் பதில்

திருகோணமலை உப்புவெளிப் பக்கமிருந்து 41 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

பழைய பற்றரிகளை உடைத்து, அந்த ஈயத்தை உருக்கி, மீன்வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் பட்டறை ஒன்றில் பல வருடமாக வேலை செய்கிறார். வயிற்றுக்குத்து, மலச்சிக்கல், மூட்டு நோவு, எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்று அலைந்து, கடைசியில் இரத்தத்தில் ஈயம் பார்த்திருக்கிறார்கள். டெசிலீற்றருக்கு 78 மைக்ரோகிராம். ஹீமோகுளோபின் 9.8. ஈயத்தை இறக்கும் சக்சிமர் என்ற மருந்து 19 நாள் கொடுத்தார்கள். முடிந்த கையோடு பார்த்தபோது ஈயம் 31. மூன்று கிழமை கழித்து மறுபடி 52. இப்போது இரண்டாம் சுற்றில் இருக்கிறார்.

"காலையில் எழும்பவே ஏலாமல் கிடக்கு டொக்டர். ஓங்காளம், வயிறு கழியுது, வேர்வையெல்லாம் கூழ்முட்டை மாதிரி மணக்குது, பஸ்ஸில் பக்கத்தில் ஆள் இருக்கவே வெட்கமாக் கிடக்கு" என்று எழுதியிருக்கிறார். டொராண்டோவில் இருக்கும் மச்சான், களைப்பென்றால் நஞ்சு வெளியேறுகிறது என்று அர்த்தம், தாங்கிக்கொள் என்று சொல்லி, உடம்பைச் 'சுத்தப்படுத்தும்' பச்சைக் குளிசைப் போத்தல் ஒன்றும் அனுப்பியிருக்கிறார். இணையத்தில் வாசித்ததை நம்பி, மருந்தைச் சிறுசிறு பங்காகப் பிரித்து, இரவில் அலாரம் வைத்து எழும்பிக் குடித்தும் பார்த்திருக்கிறார். கன்னியா வெந்நீரூற்றில் குளித்து வேர்த்தால் ஈயம் போகுமா, அப்பாவுக்கு ஆடி அமாவாசை விரதம் பிடிக்கலாமா, முதலாளிக்காக அரைநாள் வேலைக்குப் போய்வரலாமா என்று கேட்கிறார். கடைசி வரியில், நாலு வயது மகளுக்கும் இந்தக் கப்சூலில் பாதி கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

உங்கள் கடைசி வரிக்குத்தான் முதல் பதில்: கொடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். கப்சூல் போத்தலை இப்போதே பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

மச்சான் பாசத்தோடுதான் சொல்கிறார். ஆனாலும் அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது. எவ்வளவு ஈயம் வெளியேறுகிறது என்பதைக் களைப்பு காட்டாது. களைப்பே இல்லாமல் ஈயம் நன்றாக இறங்கியவர்கள் உண்டு. இறங்காமலே நொந்து போனவர்களும் உண்டு. இந்த எண்ணத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வருகிற கோளாறு எல்லாம் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டால், மருந்தை நிறுத்த வேண்டிய அறிகுறி வந்தாலும் ஆள் சகித்துக்கொண்டே இருப்பார். உங்கள் களைப்புக்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைச் சோதித்தே கண்டுபிடிக்கலாம்.

களைப்பு எங்கிருந்து வருகிறது

முதற்காரணம் ஈயமேதான். இரத்தம் ஊறுவதற்கு வேண்டிய நொதிகளை அது முடக்கும். நரம்பு, தசை, தூக்கம், மனநிலை எல்லாவற்றையும் கெடுக்கும். உங்கள் ஹீமோகுளோபின் 9.8. உங்கள் வயது ஆணுக்கு 13க்கு மேல் இருக்க வேண்டும். அந்த இரத்தத்தோடு படியேறினாலே மூச்சு வாங்கும், இதில் மருந்தைக் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஈயம் இறங்கினாலும் இரத்தம் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கு ஆகும். கூடவே இரும்புச்சத்துக் குறைவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்பும் கல்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும்.

இரண்டாவது, மருந்து. ஓங்காளம், வாந்தி, வயிற்றோட்டம், பசியின்மை, வாயில் உலோகச் சுவை, இவை சக்சிமருக்கு வழக்கமானவை. சாப்பாடு குறைந்து, வயிறும் கழிந்து, அதற்கு மேல் கச்சான் காற்று வீசும் இந்த நாட்களில் வேர்த்தும் கொட்டினால் உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றிப்போகும். எழும்பும்போது கிறுகிறுப்பு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதில் பாதி இதுவாக இருக்கலாம்.

மூன்றாவது, அலாரம். இரவில் மூன்று தடவை எழும்புகிறவருக்குக் காலையில் களைப்பு இல்லாவிட்டால்தான் அதிசயம். சக்சிமரை வழமையாகக் கொடுப்பது உடம்பு நிறைக்கேற்ற அளவில் முதல் 5 நாள் எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, அடுத்த 14 நாள் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. நடுச்சாமத்தில் துண்டு துண்டாகக் குடிக்கும் முறைக்கு ஒழுங்கான ஆய்வு ஆதாரம் கிடையாது. உங்கள் வைத்தியர் எழுதிக்கொடுத்த நேரத்துக்குத் திரும்புங்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாக எடுக்காதீர்கள். இடையில் அளவை மாற்றியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், மருந்துக்குப் பலனில்லை என்று அவர் பிழையாகக் கணக்குப் போடக்கூடும்.

நான்காவது, நீங்கள் கேட்ட அந்த அரைநாள் பட்டறை. இதற்குப் பிறகு வருகிறேன்.

இவற்றோடு, ஈயத்துக்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லாத காரணமும் இருக்கலாம். நீரிழிவு, தைரொயிட், மனச்சோர்வு என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஈயத்தின் தலையில் கட்டிவிட்டால் இவை தப்பிவிடும்.

31 ஏன் 52 ஆனது

மருந்து தோற்றுவிட்டது என்று பயந்திருக்கிறீர்கள். அப்படியில்லை. வளர்ந்த ஒருவரின் உடம்பிலுள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. அங்கே அது பல பத்து வருடங்கள் தங்கும். மருந்து முக்கியமாக இரத்தத்திலும் மென்மையான உறுப்புகளிலும் இருப்பதை எடுக்கிறது. கிணற்றை இறைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் ஊற்றெடுத்து ஏறியிருக்குமே, அப்படித்தான் எலும்பிலிருந்து ஈயம் மறுபடி இரத்தத்துக்கு வரும். அதனால்தான் ஒரு சுற்று முடிந்து இரண்டு மூன்று கிழமை கழித்துப் பார்க்கும் அளவையே நாங்கள் நம்புகிறோம். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் குறைந்தது இரண்டு கிழமை விடுவதற்கும் இது ஒரு காரணம்.

78இலிருந்து 52 என்பது உண்மையான இறக்கம். ஆனால் அந்த ஏற்றத்தில் எவ்வளவு எலும்பிலிருந்து வந்தது, எவ்வளவு பட்டறையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. வேலையை முழுதாக விட்டால்தான் அது உங்களுக்கும் உங்கள் வைத்தியருக்கும் தெரியவரும்.

பட்டறை

இந்தப் பதிலில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே இடம் இது. மருந்து எடுக்கும் நாட்களில் ஈயம் உருக்கும் இடத்துக்குப் போகக் கூடாது, அரைநாளும் கூடாது. உலோகம் பிடிக்கும் மருந்து உடம்பில் இருக்கும்போது ஈயமும் உள்ளே போய்க்கொண்டிருந்தால், குடலிலிருந்து ஈயம் கூடுதலாக உறிஞ்சப்பட இடமுண்டு. மருந்தின் பக்கவிளைவுகளை மட்டும் வாங்கிக்கொண்டு பலனை இழப்பீர்கள்.

ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். சூடு அதற்கு மேலே ஏற ஏறப் புகை கூடும். ஆனாலும் உங்கள் மாதிரிப் பட்டறையில் புகையைவிட எனக்குப் பயம் தூசிதான்: பற்றரி உடைக்கும்போது பறக்கும் சாம்பல் நிறத் தூள், உருகிய ஈயத்தின் மேல் மிதக்கும் ஆடையை வழித்துக் கொட்டும்போது எழும் தூள். அது கையில் ஒட்டி, வெற்றிலையோடும் பீடியோடும் வாய்க்குள் போகிறது. வாயில் கட்டும் துணி இதைத் தடுக்காது. பிறகு அதே சாரத்தோடு வீட்டுக்குப் போய் மகளைத் தூக்குகிறீர்கள்.

பட்டறையில் எல்லோரும் பால் குடிக்கிறோமே என்றும் எழுதியிருந்தீர்கள். பால் நல்லது, கல்சியம் கிடைக்கும், குடலில் ஈயம் ஏறுவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஏற்கெனவே ஏறிய ஈயத்தை அது இறக்காது. இந்த நம்பிக்கையால் பல இடங்களில் முதலாளிமார் ஒரு பைக்கற் பாலோடு பாதுகாப்புக் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள் என்பது என் கோபம்.

ஓங்காளத்தையும் களைப்பையும் சமாளிக்க

கப்சூலை வெறுவயிற்றில் போடாமல் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போட்டுப் பாருங்கள். விழுங்க முடியாவிட்டால் திறந்து, உள்ளிருப்பதைப் பிசைந்த வாழைப்பழத்தில் தூவி உடனே சாப்பிடலாம். ஒரேயடியாகச் சோறு வேண்டாம். கஞ்சி, இடியப்பமும் சொதியும், தயிர்ச்சோறு என்று சிறிது சிறிதாக, நாளுக்கு ஐந்தாறு தடவை சாப்பிடுங்கள். மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத்தயிர் உங்களுக்குக் கிடைக்கும், கல்சியத்துக்கு அதைவிட நல்லது தேடத் தேவையில்லை. முள்ளோடு சாப்பிடும் நெத்தலியும் அப்படித்தான். இரும்புக்கு மீன், ஈரல், முருங்கையிலை, பயறு. இலைக்கறிக்கு மேல் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் அந்தளவுக்கு ஏறாது, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். இரும்புக் குளிசையை நீங்களாக வாங்கிப் போடாமல் கிளினிக்கில் கேட்டுத் தொடங்குங்கள்.

தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். வயிறு கழிகிற நாளில் ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூளைக் கரைத்துக் குடியுங்கள். சிறுநீர் மஞ்சள் கடுத்துப் போனால் போதாது என்று அர்த்தம்.

மூட்டு நோவுக்கு பார்மசியில் வாங்கும் டைக்குளோபெனக் போன்ற வலிக் குளிசைகளை விடுங்கள். ஈயம் பட்ட சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி. மதுவையும் இந்தக் காலத்தில் தொடாதீர்கள். ஈரல் நொதிகள் ஏறினால் காரணம் மருந்தா மதுவா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

நாளில் எந்த நேரம் உடம்பு கொஞ்சம் சொல்வழி கேட்கிறது என்று பாருங்கள். கட்டாயம் செய்ய வேண்டியதை அந்த நேரத்தில் முடியுங்கள். மத்தியானம் அரை மணித்தியாலம் சரியுங்கள், மூன்று மணித்தியாலம் தூங்கினால் இரவுத் தூக்கம் போய்விடும். முழுநாளும் படுத்தே கிடப்பதும் வேண்டாம், தசை இன்னும் சோரும். பின்னேரம் வெயில் தாழக் கடற்கரையில் மெதுவாகக் கொஞ்சத் தூரம் நடங்கள். கிறுகிறுப்பு நிற்கும்வரை தனியாகத் தோணியில் போவதையும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் தவிருங்கள்.

மணத்தைப் பற்றி: அந்த மருந்தில் கந்தகம் இருக்கிறது, ஈயத்தைக் கவ்விப்பிடிப்பதே அந்தக் கந்தகந்தான். வேர்வையிலும் சிறுநீரிலும் அது மணக்கும். தீங்கில்லை. மருந்து முடியப் போய்விடும். வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதி வெட்கம் அதிலேயே தீரும்.

கன்னியாவில் தாராளமாகக் குளியுங்கள், மனதுக்கு இதமாக இருக்கும். ஆனால் வேர்வையில் போகும் ஈயம் கணக்கில் எடுக்குமளவுக்கு இல்லை. அதை நம்பி வெயிலில் வேர்க்க வேர்க்க நின்றால் கிறுகிறுப்புத்தான் கூடும்.

விரதத்துக்கும் வழியிருக்கிறது. ஆடி அமாவாசை மத்தியானம் படைத்துவிட்டுச் சாப்பிடுவதுதானே? காலையில் பாலோ பழமோ எடுத்து, அதோடு மருந்தைப் போடுங்கள். தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது. வெறுவயிற்றில் ஈயம் பல மடங்கு கூடுதலாக உறிஞ்சப்படும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். பட்டறைக்குப் போகிற ஒருவருக்கு விரதநாள்தான் மிக மோசமான நாள்.

மச்சானின் போத்தலைத் திறக்க வேண்டாம். இப்படி விற்கும் சத்துப் பொருட்களில் சிலவற்றிலேயே ஈயம் இருந்திருக்கிறது. எலும்புத்தூளிலிருந்து செய்யும் கல்சியம் அதற்குப் பேர்போனது. பற்பம், செந்தூரம் போன்ற உலோகம் சேர்ந்த மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். சித்த வைத்தியத்தைக் குறைசொல்வதற்காக நான் இதைக் கேட்கவில்லை. அமெரிக்காவில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இலும் 2008இலும் வந்த ஆய்வுகளில், ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. உங்கள் நிலையில் அந்தச் சாத்தியம் வேண்டாம்.

தாங்கிக்கொண்டு இருக்கக் கூடாதவை

காய்ச்சல், தொண்டை நோவு, வாய்ப்புண் வந்தால் அன்றைக்கே இரத்தம் சோதிக்க வேண்டும். இந்த மருந்து சிலருக்கு வெள்ளையணுக்களைக் குறைக்கும். திருகோணமலையில் காய்ச்சல் என்றால் டெங்கும் கணக்கில் வரும், ஆகவே எப்படிப் பார்த்தாலும் வீட்டில் இருக்க முடியாது. தோலில் தடிப்புப் பரவினால், அதுவும் வாயிலோ கண்ணிலோ புண் வந்தால், அடுத்த வேளை கப்சூலைப் போடாமல் வைத்தியரைப் பாருங்கள். கண் மஞ்சளானாலும், சிறுநீர் தேநீர் நிறமானாலும், தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலும், சிறுநீர் நன்றாகக் குறைந்தாலும் அப்படியே. மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போனால், கடும் தலையிடியோடு குழப்பமோ வலிப்போ வந்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். மணிக்கட்டு விழுவது ஈயம் கைநரம்பைத் தாக்கியதற்கும், மற்றவை மூளையைத் தாக்கியதற்கும் அறிகுறியாக இருக்கலாம்.

இரத்த எண்ணிக்கையும் ஈரல் நொதிகளும் மருந்து எடுக்கும் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை பார்ப்பது வழக்கம். உங்கள் கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றும் இல்லை. அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். சந்தேகம் வந்தால் உங்கள் வைத்தியர் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையத்தோடு பேசலாம்.

ஒரு எச்சரிக்கை, இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும்: மேலே சொன்னது சக்சிமருக்கு. ஈயத்துக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான பெனிசிலமின் எடுப்பவர்கள் அதை வெறுவயிற்றில்தான் எடுக்க வேண்டும், இரும்புக் குளிசையோடு சேர்க்கக் கூடாது, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும், பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முதலே சொல்ல வேண்டும். நாளம் வழியாக ஏற்றும் மருந்துக்குக் கதை வேறு. ஈடிடிஏ என்ற பெயரில் இரண்டு மருந்து உண்டு. கல்சியம் சேர்ந்ததுதான் ஈயத்துக்கு. கல்சியம் இல்லாததை ஏற்றியதால் இரத்தத்தில் கல்சியம் சட்டென விழுந்து, 2003க்கும் 2005க்கும் இடையில் அமெரிக்காவில் மூன்று பேர் இறந்தார்கள், இருவர் பிள்ளைகள். 'உடம்பு சுத்தம்' என்று விளம்பரம் போட்டு சேலைன் ஏற்றும் இடங்களுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்.

மகள்

அவளுக்கு முதலில் வேண்டியது இரத்தச் சோதனை. மூத்த பிள்ளைக்கும் மனைவிக்கும் கூடவே செய்யுங்கள். பார்த்தால் சுகமாகத் தெரிகிறாள் என்பது போதாது. பிள்ளைகளில் ஈயம் பெரும்பாலும் வெளித்தெரியாமல்தான் இருக்கும். 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி சொல்கிறது. மருந்தைப்பற்றி யோசிப்பது 45 வாக்கில்தான். இடைப்பட்ட அளவில் மருந்து கொடுத்தாலென்ன என்று தோன்றும். 20 முதல் 44 வரை ஈயம் இருந்த 780 பிள்ளைகளில் அதைச் செய்து பார்த்தார்கள், முடிவு 2001இல் வந்தது. ஈயம் இறங்கியது, ஆனால் பிள்ளைகளின் அறிவுத்திறனில் முன்னேற்றம் இல்லை. ஈயமே இல்லாத எலிக்குஞ்சுகளுக்குச் சக்சிமர் கொடுத்தபோது அவற்றின் கற்றல் கெட்டது என்று 2007இல் வந்த ஆய்வு காட்டியது. சோதிக்காமல் பாதிக் கப்சூல் கொடுப்பது அந்த எலிச் சோதனையை உங்கள் வீட்டில் செய்வது.

அவளுக்காக நீங்கள் செய்யக்கூடியது இன்னொன்று உண்டு. பட்டறைச் சாரம், சட்டை, செருப்பு எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. இருப்பவற்றைத் தனியே துவையுங்கள். வளவில் எப்போதாவது ஈயம் உருக்கியிருந்தால் அந்த இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள், வீட்டை ஈரத்துணியால் துடையுங்கள், விளக்குமாற்றால் கூட்டினால் தூசி பறக்கும்.

இனி முதலாளி. நான் வைத்தியர், சட்டத்தரணி இல்லை. ஆனாலும் இவ்வளவு தெரியும்: 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணையில் ஈய நஞ்சேற்றம் தொழில்சார் நோயாக இருக்கிறது. பட்டறை சின்னது, வேலைக்கு நியமனக் கடிதம் தரவில்லை, நாட்சம்பளம் என்பதற்காக நீங்களே உரிமை இல்லையென்று முடிவுகட்ட வேண்டாம். திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். போகும்போது இரத்த அறிக்கைகளின் பிரதி, எப்போதிருந்து என்ன வேலை செய்தீர்கள் என்ற குறிப்பு, சம்பளம் வாங்கியதற்கு இருக்கும் ஏதாவது அத்தாட்சி, கூட வேலை செய்தவர்களின் பெயர்கள் கையில் இருக்கட்டும். கிளினிக்கில் 'ஈய நஞ்சேற்றம், சிகிச்சை முடியும்வரை ஈயத்தோடு வேலை செய்யக் கூடாது' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதத்தை முதலாளியிடம் கொடுக்கும்போது, மற்றத் தொழிலாளிகளும் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவருந்தான் அந்தத் தூசியில் நிற்கிறார், அவரும் சோதிக்கட்டும்.